எஃப்.எம்.ஜி.இ. தேர்வுக்கு அடிப்படை மருத்துவ அறிவியலை மீள்படிப்பது எப்படி: கன்னியாகுமரி மாவட்ட மாணவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

வெளிநாட்டில் மருத்துவப் பட்டம் பெற்று ஊர் திரும்பும் ஒருவர், மிகச் சில விலக்குகள் நீங்கலாக, இந்தியாவில் மருத்துவராகப் பதிவு செய்வதற்கு முன் தேசிய மருத்துவ அறிவியல் தேர்வு வாரியம் நடத்தும் எஃப்.எம்.ஜி.இ. எனும் வெளிநாட்டு மருத்துவப் பட்டதாரிகள் தேர்வில் 300-க்கு 150 மதிப்பெண் பெற்றாக வேண்டும். 2002 முதல் நடைபெற்றுவரும் இத்தேர்வில் தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்கப்படுவதில்லை. எத்தனை முறை எழுதலாம் என்பதற்கும் வரம்பு இல்லை. கேட்பதற்கு எளிதாகவே தோன்றும். ஆனாலும் மார்த்தாண்டம், தக்கலை, குளச்சல், நாகர்கோவில் என்று எந்தப் பக்கம் போனாலும், ஜார்ஜியாவிலோ பிலிப்பைன்ஸிலோ ரஷ்யாவிலோ படித்து வந்து, இரண்டாம் முறையாகவோ மூன்றாம் முறையாகவோ இதே தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கும் ஒருவரையேனும் நமக்குத் தெரிந்திருக்கும்.

நானும் முதல் முறை 138 மதிப்பெண்ணில் நின்றுவிட்டேன். பொது மருத்துவம், அறுவை மருத்துவம், மகப்பேறு ஆகியவற்றை இரவும் பகலும் படித்த நான், உடலியங்கியலையும் உயிர்வேதியியலையும் முதலாண்டிலேயே முடித்த பாடங்கள் என்று கருதி, கடைசி மூன்று வாரங்களுக்கு ஒதுக்கி வைத்திருந்தேன். கட்டணம் கட்டிச் சேர்ந்த பயிற்சி மையம் ஒன்றும் அதையே சொன்னது; அங்கே அடிப்படைப் பாடங்கள் என்ற பெயரில் கிடைத்தவை ஒற்றை வரி விடைகள் அடங்கிய நகல்கள் மட்டுமே. தேர்வறையில் அந்த ஒற்றை வரிகள் கைகொடுக்கவில்லை, ஏனெனில் கேள்விகள் ஒரு வரியைக் கேட்கவில்லை, ஒரு நோயாளியை முன்னே நிறுத்தி, அவர் உடலுக்குள் என்ன நடக்கிறது என்று கேட்டன. இரண்டாம் முறைக்குப் படித்த விதம் முற்றிலும் வேறு. அதைத்தான் கீழே படிப்படியாக எழுதியிருக்கிறேன்.

முதல் படி: மதிப்பெண் எங்கே இருக்கிறது என்று பார்த்தல்

தேர்வு ஒரே நாளில் இரண்டு பகுதிகளாக, பகுதிக்கு 150 கேள்விகள், 150 நிமிடங்கள் என்ற கணக்கில் கணினியில் நடைபெறுகிறது. மொத்தக் கேள்விகளில் 100 அடிப்படைப் பாடங்களுக்கு உரியவை: உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல் ஆகியவற்றுக்குத் தலா 17, நோயியல், நுண்ணுயிரியல், மருந்தியல் ஆகியவற்றுக்குத் தலா 13, சட்ட மருத்துவத்துக்கு 10. எஞ்சிய 200-இல் பொது மருத்துவம் 33, அறுவை மருத்துவம் 32, மகப்பேறும் மகளிர் மருத்துவமும் 30, சமூக மருத்துவம் 30, குழந்தை மருத்துவம், கண், காது-மூக்கு-தொண்டை ஆகியவை தலா 15. மனநலம், தோல், கதிர்வீச்சுச் சிகிச்சை, மயக்கவியல், எலும்பு மருத்துவம், படவியல் ஆகிய ஆறும் தலா 5.

இந்தப் பட்டியலைப் பார்த்ததும் அடிப்படைப் பாடங்கள் மூன்றில் ஒரு பங்கு என்று கணக்கிட்டுவிடுவது இயல்பு. அந்தக் கணக்கு குறைவானது என்பது என் கருத்து. பொது மருத்துவத்தின் 33 கேள்விகளில் ரத்த வாயுப் பரிசோதனை, இதயச் செயலிழப்பு, சிறுநீரகம், நஞ்சு என்று வருபவை யாவும் உடலியங்கியலும் மருந்தியலும் நோயாளியின் உருவில் வந்து நிற்பவையே. இந்த 100-ஐ நன்றாகப் படித்தவருக்கு அந்த 200-லும் பாதி வேலை முடிந்திருக்கும். வரிசையை மாற்றி அந்த 200-இலிருந்து தொடங்கியவருக்கு அவ்வாறு நடப்பதில்லை.

இரண்டாம் படி: வெற்றுத்தாள் சோதனை

புத்தகத்தைத் திறப்பதற்கு முன் இதைச் செய்ய வேண்டும். அடிப்படைப் பாடங்களிலிருந்து நாற்பது தலைப்புகளைச் சிறு துண்டுச்சீட்டுகளில் எழுதி ஒரு டப்பாவில் போட்டுக்கொள்ளுங்கள்: ஆக்சிஜன்-ஹீமோகுளோபின் வளைகோடு, நெஃப்ரான் (சிறுநீரகத்தின் வடிகட்டும் நுண்குழாய்), யூரியா சுழற்சி, பிராக்கியல் பிளெக்சஸ் (கைக்குப் போகும் நரம்புப் பின்னல்), அழற்சியின் படிநிலைகள், அரை ஆயுள் காலம் என்பன போல. ஒரு சீட்டை எடுத்து, வெற்றுத்தாள் ஒன்றில் பத்து நிமிடத்துக்கு நினைவிலிருந்து மட்டும் எழுதவோ வரையவோ வேண்டும். பிறகு புத்தகத்தோடு ஒப்பிட்டு, விட்டுப்போனதைச் சிவப்பு மையால் அதே தாளில் நிரப்ப வேண்டும். நாளைக்கு ஐந்து சீட்டு வீதம் எட்டு நாளில் நாற்பதும் முடியும்.

முதல் வாரத்தில் தாள் முழுவதும் சிவப்பாகத்தான் இருக்கும். படித்தபோது புரிந்தது, எழுதும்போது வரவில்லை என்ற எரிச்சல் எழும். அந்த எரிச்சலைத் தரும் தலைப்புகளே உங்கள் உண்மையான பாடத்திட்டம். காணொலி வகுப்பை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டுத் தலையாட்டிக்கொண்டிருப்பதில் இந்த எரிச்சல் வருவதில்லை. அதனாலேயே அது படித்துவிட்டோம் என்ற மயக்கத்தைத் தருகிறது. சிவப்பு நிரம்பிய தாளை மறுநாளும், மூன்றாம் நாளும், ஏழாம் நாளும், மூன்று வாரம் கழித்தும் மீண்டும் வெறுமையிலிருந்து எழுதிப் பாருங்கள். நான்காம் முறையும் சிவப்பு குறையாவிட்டால் மனப்பாடத்தைக் குற்றம் சொல்லக் கூடாது. அந்தக் கருத்துக்கு அடியில் இருக்கும் வேறொரு கருத்து புரியாமல் கிடக்கிறது என்று பொருள்.

மூன்றாம் படி: உடலியங்கியலிலிருந்து தொடங்குதல்

வழக்கமாக எல்லோரும் உடற்கூறியலிலிருந்து தொடங்குகிறார்கள், முதலாண்டுப் பாடப்புத்தகம் அப்படித் தொடங்கியது என்பதைத் தவிர அதற்குக் காரணம் இல்லை. உடலியங்கியலில் தொடங்கினால் நோயியலும் மருந்தியலும் அதன் மேலேயே ஏறி அமரும். இதை ஓர் எடுத்துக்காட்டால் விரிவாகக் காட்டுகிறேன்.

செல் சவ்விலுள்ள சோடியம்-பொட்டாசியம் பம்ப் ஒரு சுற்றுக்கு மூன்று சோடியம் அயனிகளை வெளியே தள்ளி, இரண்டு பொட்டாசியம் அயனிகளை உள்ளே இழுக்கிறது. அதற்குச் செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏ.டி.பி. ஒன்று செலவாகிறது. இந்த வரி எல்லோருக்கும் தெரியும். படிக்க வேண்டியது இதற்கு அடுத்த கேள்வி: இந்தப் பம்ப் நின்றுபோனால் என்ன ஆகும்?

ரத்த ஓட்டம் தடைப்பட்டு ஏ.டி.பி. தீர்ந்துபோவதால் பம்ப் நின்றால், சோடியம் செல்லுக்குள் தங்குகிறது, அதன் பின்னே தண்ணீரும் நுழைகிறது, செல் வீங்குகிறது. மீளக்கூடிய செல் சேதத்தின் முதல் அடையாளம் செல் வீக்கம் என்று நோயியல் புத்தகத்தின் முதல் அத்தியாயம் சொல்வது இதைத்தான். அதே பம்ப் இதயத் தசையில் டிகாக்சின் என்ற மருந்தால் தடுக்கப்பட்டால், உள்ளே சோடியம் கூடுவதால் சோடியத்தை உள்ளே விட்டுக் கால்சியத்தை வெளியேற்றும் பரிமாற்றி மந்தமாகிறது. கால்சியம் உள்ளேயே தங்கி, தசையின் சுருங்கும் வலிமை கூடுகிறது. இது மருந்தியல். இனி நம் ஊருக்கு வருவோம். வேலியோரங்களிலும் கோயில் நந்தவனங்களிலும் நிற்கும் மஞ்சள் அரளியில் இருப்பவையும் இதே வகை இதய கிளைகோசைடுகள்தாம். அரளி நஞ்சோடு அவசரப் பிரிவுக்கு வரும் ஒருவரின் நாடித்துடிப்பு ஏன் குறைகிறது, இ.சி.ஜி.யில் ஏன் இதய மின்தடை தெரிகிறது, ஏன் அட்ரோபின் கொடுக்கிறார்கள், ஏன் சிலருக்குத் தற்காலிகப் பேஸ்மேக்கர் தேவைப்படுகிறது, டிகாக்சினுக்கு எதிரான ஆன்டிபாடி ஏன் இதற்கும் பயன்படுகிறது என்ற ஐந்து கேள்விகளுக்கும் விடை அந்த ஒரே பம்பில் இருக்கிறது. கிளைகோசைடு, இதயத் துடிப்பைக் குறைக்கும் வேகஸ் நரம்பின் பிடியையும் இறுக்குகிறது என்ற ஒரு செய்தியை மட்டும் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இங்கேதான் பலரும் தடுமாறும் ஓர் இடம் வருகிறது. ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்தால் டிகாக்சின் நச்சுத்தன்மை கூடும் என்று ஒரு வரி. கடுமையான டிகாக்சின் நஞ்சில் ரத்தப் பொட்டாசியம் கூடியிருக்கும் என்று இன்னொரு வரி. இரண்டையும் தனித்தனியே மனப்பாடம் செய்தவர் தேர்வறையில் ஒன்றை மற்றொன்றாக மாற்றிக் குறித்துவிடுவார், முதல் முறை நான் செய்ததைப் போல. பம்பை வரைந்து பார்த்தவருக்கு முரண்பாடே இல்லை. டிகாக்சினும் பொட்டாசியமும் பம்பின் வெளிப்புறத்தில் இடத்துக்குப் போட்டியிடுகின்றன. பொட்டாசியம் குறைவாக இருந்தால் டிகாக்சின் எளிதில் இடம் பிடிக்கிறது. இடம் பிடித்துப் பம்பை நிறுத்திய பின், உள்ளே போக வேண்டிய பொட்டாசியம் வெளியிலேயே நின்று ரத்தத்தில் கூடுகிறது. முதலாவது காரணம், இரண்டாவது விளைவு.

உடலியங்கியலில் இவ்வாறு வேர்போல ஓடும் கருத்துகள் பத்து பன்னிரண்டுதான்: சவ்வு மின்னழுத்தம், நுண்குழாய்களில் ஸ்டார்லிங் விசைகள், இதய வெளியீடும் ரத்த அழுத்தமும், ஆக்சிஜன் வளைகோடு, நுரையீரலின் காற்றோட்ட-ரத்தவோட்ட விகிதம், நெஃப்ரான், அமில-காரச் சமநிலை, ஹார்மோன்களின் எதிர்ப்பின்னூட்டம், நரம்புத்தசைச் சந்திப்பு, மாதவிடாய் சுழற்சி போன்றவை. ஒவ்வொன்றையும் இயங்கும் நிலையில் ஒரு தாளிலும், பழுதான நிலையில் இன்னொரு தாளிலும் வரைந்து வைத்துக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: ஒரு நெஃப்ரானை வரைந்து பாதி சிறுநீரகவியலை முடித்தல்

நிமிடத்துக்கு 125 மில்லிலிட்டர், நாளைக்கு 180 லிட்டர் வடிகட்டப்படுகிறது என்று தொடங்கி, குழாயை நான்கு இடங்களாகப் பிரித்து வரையுங்கள். அண்மைச் சுருள் குழாயில் மூன்றில் இரண்டு பங்கு சோடியம் திரும்ப உறிஞ்சப்படுகிறது. சிறுநீரைப் பெருக்கும் மருந்துகளில் அசெட்டசோலமைடு வேலை செய்யும் இடமும் அதுவே. ஹென்லே வளைவின் தடித்த ஏறுபகுதியில் சோடியம், பொட்டாசியம், இரண்டு குளோரைடு ஆகியவற்றை ஒன்றாக ஏற்றும் கடத்தியை ஃப்யூரோசமைடு தடுக்கிறது. பிறவியிலேயே அந்த இடம் பழுதானால் அது பார்ட்டர் நோய்க்குறி. சேய்மைச் சுருள் குழாயின் சோடியம்-குளோரைடு கடத்தியைத் தயாசைடு தடுக்கிறது. பிறவிப் பழுது கிட்டெல்மன். சேகரிப்புக் குழாயின் சோடியம் வாயிலை அமிலோரைடு அடைக்கிறது; அந்த வாயில் மூடாமல் எப்போதும் திறந்தே கிடந்தால் அது லிடில், அதாவது உயர் ரத்த அழுத்தமும் பொட்டாசியக் குறைவும்.

மூன்று பெயர்களையும் மூன்று மருந்துகளையும் தனித்தனியே நெட்டுரு செய்ய வேண்டியதில்லை. பார்ட்டர் என்பது பிறந்தது முதல் ஃப்யூரோசமைடு சாப்பிடுபவரைப் போன்றவர், எனவே சிறுநீரில் கால்சியம் அதிகம். கிட்டெல்மன் பிறந்தது முதல் தயாசைடு சாப்பிடுபவரைப் போன்றவர், எனவே சிறுநீரில் கால்சியம் குறைவு. இருவருக்கும் பொட்டாசியம் குறைந்து ரத்தம் காரத்தன்மை அடையும். இதயச் செயலிழப்புக்கு டிகாக்சினோடு ஃப்யூரோசமைடும் எடுத்துக்கொள்ளும் முதியவர் குமட்டலோடும் மஞ்சளாகத் தெரியும் பார்வையோடும் வருகிறார் என்ற கேள்வியில், இப்போது முந்தைய படியின் பம்ப் தானாகவே நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.

அமில-காரக் கணக்கை எண்களோடுதான் பழக வேண்டும். ஓர் எடுத்துக்காட்டு: சோடியம் 138, குளோரைடு 114, பைகார்பனேட் 14. ஆனயன் இடைவெளி, அதாவது சோடியத்திலிருந்து மற்ற இரண்டின் கூட்டுத்தொகையைக் கழித்தால் வருவது, 138-இலிருந்து 128-ஐக் கழிக்க 10, இயல்பான அளவு. பைகார்பனேட் குறைந்தும் இடைவெளி கூடவில்லை என்றால் ரத்தத்தில் லாக்டிக் அமிலம் போன்ற புது அமிலம் சேரவில்லை. வயிற்றுப்போக்கில் பைகார்பனேட் போயிருக்க வேண்டும், அல்லது சிறுநீரகக் குழாய் அமிலத்தை வெளியேற்றத் தவறியிருக்க வேண்டும். எதிர்பார்க்கப்படும் கார்பன் டை ஆக்சைடு அழுத்தம் பைகார்பனேட்டை ஒன்றரையால் பெருக்கி எட்டைக் கூட்ட வருவது: 21-உம் 8-உம் சேர்ந்து 29, இரண்டு கூடலாம், குறையலாம். இதே நோயாளிக்குப் பொட்டாசியமும் தாழ்ந்து, இலை அரைத்துக் குடித்ததாக உறவினர் சொன்னால், அது தமிழ்நாட்டு மருத்துவர்கள் நன்கறிந்த ஒடுவந்தழை நஞ்சு. சேய்மைக் குழாய் ஹைட்ரஜன் அயனியை வெளியேற்ற இயலாமல் போவதே இதற்குக் காரணம்.

ஐந்தாம் படி: உயிர்வேதியியலை அடுக்களையிலிருந்து படித்தல்

இப்பாடத்தைச் சுழற்சிகளின் படமாக மனப்பாடம் செய்வதுதான் நம்மில் பலருக்கும் தெரிந்த முறை. பதினேழு மதிப்பெண்ணுக்கு அது தேவையில்லை. ஒவ்வொரு பாதைக்கும் நான்கு கேள்விகள் போதும்: செல்லின் எந்த அறையில் நடக்கிறது, வேகத்தை நிர்ணயிக்கும் என்சைம் எது, சாப்பிட்ட நிலையில் ஓடுமா பட்டினியில் ஓடுமா, உடைந்தால் எந்த நோய். கிளைகாலிசிஸுக்கு பாஸ்போஃப்ரக்டோகைனேஸ்-1, கொலஸ்டிரால் உருவாக்கத்துக்கு எச்.எம்.ஜி.-கோஏ ரிடக்டேஸ், யூரியா சுழற்சிக்கு கார்பமாயில் பாஸ்பேட் சிந்தடேஸ்-1, ஹீமுக்கு அலா சிந்தேஸ் என்று ஒரே தாளில் அட்டவணையிட்டால் ஒரு மாலையில் முடிந்துவிடும்.

ஆக்சிஜனைக் கொண்டு செல் ஆற்றல் ஆக்கும் எலக்ட்ரான் கடத்துச் சங்கிலியை மட்டும் நின்று நிதானமாகப் படியுங்கள். திருவிதாங்கூர் மன்னர் விசாகம் திருநாள் காலத்தில் பரவி, நம் வீடுகளில் மீன் குழம்போடு நிலைத்துவிட்ட மரச்சீனிக் கிழங்கில் லினமரின் என்ற பொருள் உண்டு. அது சிதைந்தால் ஹைட்ரஜன் சயனைடு வெளிப்படும். நறுக்கி, தண்ணீரில் போட்டு வேகவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டும் வழக்கத்துக்குப் பின்னுள்ள வேதியியல் இதுதான். சயனைடு, சங்கிலியின் நான்காவது தொகுதியிலுள்ள சைட்டோகுரோம் ஏ3-இன் மூவிணை இரும்பைப் பற்றிக்கொள்கிறது. ஆக்சிஜன் ரத்தத்தில் நிறைய இருந்தும் செல்லால் பயன்படுத்த முடியவில்லை. எனவே சிரை ரத்தம் ஆக்சிஜன் குறையாமல் சிவப்பாகவே திரும்புகிறது, லாக்டிக் அமிலம் கூடுகிறது, ஆனயன் இடைவெளி விரிகிறது. சென்ற படியில் போட்ட கணக்கு இங்கே எதிர்த்திசையில் வருவதைக் கவனியுங்கள்.

மாற்று மருந்துகளும் இதே படத்தில் அமைந்துவிடும். நைட்ரைட், ஹீமோகுளோபினின் ஈரிணை இரும்பை மூவிணையாக மாற்றி மெத்தீமோகுளோபினை உண்டாக்குகிறது. சயனைடு சைட்டோகுரோமை விட்டு அதன் பக்கம் இழுக்கப்படுகிறது. தயோசல்பேட், ரோடனேஸ் என்ற என்சைமின் துணையோடு சயனைடைத் தயோசயனேட்டாக்கிச் சிறுநீரில் அனுப்புகிறது. ஹைட்ராக்சோகோபாலமின் அதைப் பிடித்து வைட்டமின் பி12-இன் ஒரு வடிவமாகவே மாற்றிவிடுகிறது. தயோசயனேட் தைராய்டுக்குள் அயோடின் நுழைவதைத் தடுக்கும் என்பதால், சரிவரப் பக்குவப்படுத்தாத கிழங்கை நாள்தோறும் உண்டு அயோடினும் குறைவாகப் பெறுவோருக்குக் கழலை ஏற்படலாம் என்பது வரை இதே இழை நீள்கிறது. மெத்தீமோகுளோபின் அளவு மீறினால் மெத்திலீன் புளூ கொடுக்கிறோம். அது வேலை செய்ய என்.ஏ.டி.பி.எச். வேண்டும், அது வருவது குளுக்கோஸைச் சிதைக்கும் எச்.எம்.பி. பாதையிலிருந்து, அப்பாதையின் முதல் என்சைம் ஜி6பி.டி., ஆகவே அந்த என்சைம் குறைபாடுள்ளவருக்கு அம்மருந்து பயன்படாததோடு சிவப்பணுக்களையும் சிதைக்கும். ஒரு கிழங்கிலிருந்து தொடங்கி உயிர்வேதியியல், மருந்தியல், நஞ்சியல், நாளமில்லாச் சுரப்பி என நான்கு பாடங்களைத் தொட்டுவிட்டோம்.

ஆறாம் படி: உடற்கூறியலில் எதை விடுவது

உடற்கூறியல் முழுவதையும் மீண்டும் படிக்க எவருக்கும் நேரம் இருக்காது. மூளை நரம்புகளும் அவை வெளியேறும் கபாலத் துளைகளும், கேவர்னஸ் சைனஸ், பிராக்கியல் பிளெக்சஸ், கைகால் நரம்புகளின் காயங்கள், குடலிறக்கக் கால்வாய், இதயத்தின் ரத்தக்குழாய்கள், மூளைத்தண்டின் குறுக்குவெட்டு, கருவியலில் தொண்டை வளைவுகள் ஆகியவற்றைப் பிடித்துக்கொண்டு, தசைகளின் தொடக்கமும் முடிவும் பற்றிய நீண்ட பட்டியல்களைத் துணிந்து விட்டுவிடலாம்.

பிராக்கியல் பிளெக்சஸை நான் மறக்காமல் இருப்பதற்குக் காரணம் பனையேறும் தொழில். மரத்திலிருந்து சறுக்கும்போது ஒரு கையால் மட்டையைப் பற்றித் தொங்குபவருக்குக் கை தலைக்கு மேல் இழுபட்டு, சி8, டி1 வேர்கள் அறுபடுகின்றன. உள்ளங்கைச் சிறுதசைகள் செயலிழந்து விரல்கள் கொக்கிபோல் மடங்கும். டி1 வழியாகப் போகும் பரிவு நரம்பும் சேதமானால் அதே பக்கத்தில் கண்ணிமை சற்றே இறங்கி, கண்மணி சுருங்கி, முகத்தில் வியர்வை நின்றுவிடும். பிடி கிடைக்காமல் தோள்பட்டை தரையில் மோத விழுந்தவருக்குக் கழுத்துக்கும் தோளுக்கும் இடையிலான கோணம் விரிந்து சி5, சி6 வேர்கள் அறுபடும்; கை உடலோடு ஒட்டி, உட்புறம் திரும்பி, முழங்கை நீண்டு தொங்கும். முதலாவது கிளம்ப்கே, இரண்டாவது எர்ப். பிடித்தவர், விழுந்தவர் என்று நினைவில் வைத்தால் மாறாது.

ஏழாம் படி: நோயியல், மருந்தியல், நுண்ணுயிரியல்

நோயியலில் பொதுப் பகுதியான செல் சேதம், அழற்சி, ரத்த உறைவு, புற்றுநோயியல் ஆகிய நான்கையும் ஆழமாகப் படித்து, உறுப்புவாரியான நோயியலை அந்தந்த மருத்துவப் பாடத்தோடு சேர்த்துப் படிப்பது நேரத்தை மிச்சப்படுத்தும்.

மருந்தியலில் தன்னியக்க நரம்பு மண்டலமும் மருந்தின் இயக்கக் கணக்குகளும் தவறவிடக் கூடாதவை. அரை ஆயுள் காலம், பரவல் கனஅளவை 0.693-ஆல் பெருக்கி வெளியேற்ற வீதத்தால் வகுக்க வருவது. நிலையான அளவை எட்ட நான்கு முதல் ஐந்து அரை ஆயுள்கள் ஆகும். டிகாக்சினின் அரை ஆயுள் ஏறத்தாழ 36 மணி நேரம் என்றால், வழக்கமான அளவில் தொடங்கினால் முழுப்பயன் கிடைக்க ஏறக்குறைய ஒரு வாரம் ஆகிவிடும். தொடக்கத்திலேயே ஏன் பெரிய அளவு கொடுக்கிறார்கள் என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டாம்.

நுண்ணுயிரியல் பெரும்பாலும் நினைவாற்றல்தான், அதை மறைத்துப் பயனில்லை. எனினும் இரண்டு பருவமழையும் பெறும் நம் மாவட்டத்தில் எலிக்காய்ச்சலை ஒரு முழுக் கதையாகப் படிக்கலாம்: எலியின் சிறுநீர் கலந்த தண்ணீர், காலிலுள்ள சிராய்ப்பு, சுருள் வடிவ லெப்டோஸ்பைரா, முதல் வாரத்தில் ரத்தத்திலும் பின்னர் சிறுநீரிலும் கிருமி, நுண்திரட்சிப் பரிசோதனை, கடுமையானால் மஞ்சள் காமாலையும் சிறுநீரகப் பாதிப்பும் சேர்ந்த வைல் நோய், தடுப்புக்கு வாரம் ஒருமுறை 200 மில்லிகிராம் டாக்சிசைக்ளின். சிறுநீரகம் பழுதாகியும் இந்நோயில் பொட்டாசியம் பல வேளைகளில் குறைந்தே இருப்பது ஏன் என்று கேட்டால், நெஃப்ரான் படத்தை எடுத்துப் பாருங்கள். அண்மைக் குழாய் சோடியத்தை விட்டுவிடுகிறது. அது கீழே வந்து சேரும்போது, அதை உறிஞ்சும் முயற்சியில் பொட்டாசியம் வெளியேறுகிறது.

எட்டாம் படி: சட்ட மருத்துவமும் ஒரு சிறு புள்ளியியலும்

சட்ட மருத்துவத்துக்கு நான்கு நாள் போதும். ஆனால் பழைய குறிப்பேட்டைக் கடன் வாங்கிப் படிக்காதீர்கள். 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்துவிட்டது. கொலைக்கான தண்டனை 302-இலிருந்து 103-க்கும், கவனக்குறைவால் மரணம் விளைவித்தல் 304-ஏ-யிலிருந்து 106-க்கும் மாறியுள்ளன. காவல்துறையின் பிண விசாரணை, குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174-க்குப் பதிலாக பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194-இல் உள்ளது.

சமூக மருத்துவத்தில், நான்கு கட்டங்கள் கொண்ட அட்டவணையைக் கையால் போட்டுப் பழகுங்கள். உணர்திறனும் (நோயுள்ளவரைக் கண்டுபிடிக்கும் திறன்) குறிப்புத்தன்மையும் (நோயற்றவரைச் சரியாக விலக்கும் திறன்) 90 சதவீதம் உள்ள ஒரு பரிசோதனையை 1000 பேரிடம் செய்வதாக வைத்துக்கொள்வோம். அவர்களில் 100 பேருக்கு நோய் இருந்தால், 90 பேருக்குச் சரியாகவும், நோயற்ற 900 பேரில் 90 பேருக்குத் தவறாகவும் நோய் உண்டு என்று காட்டும். அதாவது நோய் உண்டு என்ற முடிவை நம்பலாமா என்றால் பாதிக்குப் பாதி. நோய் 10 பேருக்கு மட்டுமே இருந்தால், 9 பேருக்குச் சரி, 99 பேருக்குத் தவறு. நம்பகத்தன்மை ஏறத்தாழ 8 சதவீதத்துக்கு இறங்கிவிடுகிறது. பரிசோதனை மாறவில்லை, ஊரில் நோயின் பரவல்தான் மாறியது. இதை ஒருமுறை போட்டுப் பார்த்தவர் அந்தக் கேள்வியை இனித் தவறவிட மாட்டார்.

ஒன்பதாம் படி: தவறேடு

பயிற்சிக் கேள்விகளில் பிழையானவற்றை மட்டும் எழுத ஒரு தனி நோட்டு வேண்டும். சரியான விடையை எழுதி வைப்பதால் பயன் சிறிதே. எதனால் தவறியது என்பதை மூன்றில் ஒன்றாகக் குறிக்க வேண்டும்: தெரியாது, குழம்பியது, கேள்வியைச் சரியாக வாசிக்கவில்லை. மூன்றுக்கும் மருந்து வேறு. முதல் வகைக்குப் புத்தகம், இரண்டாம் வகைக்கு வெற்றுத்தாள், மூன்றாம் வகைக்கு நேரம் வைத்துப் பழகுதல்.

என் தவறேட்டில் இருந்த ஒரு பக்கத்தை அப்படியே தருகிறேன். “சூரை மீன் சாப்பிட்ட அரை மணியில் முகம் சிவந்து, தடிப்பு, தலைவலி, நெஞ்சுப் படபடப்பு, முன்பு பலமுறை அதே மீனைச் சாப்பிட்டும் ஒன்றும் ஆனதில்லை, உடன் உண்ட இருவருக்கும் அதே தொல்லை. நான் குறித்தது: மீன் ஒவ்வாமை. விடை: ஹிஸ்டமின் நஞ்சு. வகை: குழம்பியது. காரணம்: ஐஸ் குறைந்த மீனில் பாக்டீரியா ஹிஸ்டிடினை ஹிஸ்டமினாக மாற்றுகிறது, சமைத்தாலும் அது அழியாது. ஹிஸ்டமின் மாஸ்ட் செல்லிலிருந்து வரவில்லை, மீனிலிருந்தே வந்தது. ஆகவே மாஸ்ட் செல் வெளியிடும் டிரிப்டேஸ் என்ற என்சைமின் அளவு உயராது. மூவருக்கும் வந்ததைக் கவனிக்கவில்லை.” கடற்கரையில் வளர்ந்தவனுக்கே இந்தக் கேள்வி தவறியதில் எனக்குச் சற்று வெட்கம்தான். அந்தப் பக்கத்துக்குப் பிறகு ஒவ்வாமைக்கும் நஞ்சுக்கும் இடையே நான் ஒருபோதும் தடுமாறியதில்லை.

பத்தாம் படி: வாரங்களைப் பிரித்தல்

தேர்வு ஜூன், டிசம்பர் எனும் இரண்டு பருவங்களுக்கு அறிவிக்கப்படுகிறது. சில ஆண்டுகளில் நாள் ஜூலைக்கும் ஜனவரிக்கும் தள்ளிப்போயிருக்கிறது. இடையில் கிடைப்பது 24 வாரம் என்று கொண்டால், முதல் எட்டு வாரத்தை அடிப்படைப் பாடங்களுக்கு முழுமையாகக் கொடுக்கலாம். அதில் உடலியங்கியலுக்கு மட்டும் இரண்டரை வாரம் போனாலும் கவலை வேண்டாம். அடுத்த பத்து வாரம் மருத்துவப் பாடங்கள் நடக்கும்போது, தினமும் காலையில் முக்கால் மணி நேரம் டப்பாவிலிருந்து சீட்டு எடுப்பதை விடக் கூடாது. நான் பார்த்தவரை பலரும் சறுக்கியது இந்த இடத்தில்தான், ஏனெனில் எட்டு வாரத்தில் படித்தது மூன்றாம் மாதத்தில் ஓசையில்லாமல் கரைந்துவிடும். கடைசி ஆறு வாரம் மாதிரித் தேர்வுகளுக்கும் தவறேட்டுக்கும் உரியது.

மாதிரித் தேர்வைத் துண்டு துண்டாக எழுதுவதில் பொருளில்லை. உண்மைத் தேர்வில் ஒவ்வொரு பகுதியும் நேர வரம்புள்ள உட்பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டு, ஒன்றின் நேரம் முடிந்த பின் அதைத் திரும்பத் திறக்க இயலாதவாறு அமைக்கப்பட்டுள்ளது. எனவே 50 கேள்விகளை 50 நிமிடத்தில் எழுந்திருக்காமல் முடிக்கும் பழக்கம் வேண்டும். விடை தெரியாத கேள்வியிலும், கழித்தல் மதிப்பெண் இல்லாததால், ஏதேனும் ஒன்றைக் குறித்துவிட்டே நகர வேண்டும். மழைக்காலத்தில் மின்சாரமும் இணையமும் போய்ப்போய் வரும் ஊர்களில் இருப்பவர்கள் கேள்வித்தாள்களை முன்கூட்டியே பதிவிறக்கி வைத்துக்கொள்வதோ, தேர்வு எழுதும் நாளில் நாகர்கோவிலில் ஒரு நூலகத்திலோ நண்பர் வீட்டிலோ போய் உட்கார்வதோ நல்லது.

தேர்வு மையம் வெளி மாவட்டத்தில் அமைந்தால் முந்தைய நாளே போய்ச் சேர்ந்துவிடுங்கள். ரயிலில் எடுத்துச் செல்லத் தவறேடும், நெஃப்ரான் படமும், என்சைம் அட்டவணையும், சூத்திரங்கள் எழுதிய ஒரு தாளும் போதும். தடித்த புத்தகங்கள் வீட்டிலேயே இருக்கட்டும். அனுமதிச் சீட்டில் கேட்கப்பட்டுள்ள அசல் அடையாள அட்டையைப் புறப்படும் முன் இன்னொரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.